ஒன்பது ஐம்பது என்ற பொய்

5-8-96, திங்கள்

இன்று தசரதன் என் மேஜைக்கு வந்து எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கத்தினான். "தாட்சாயிணி, நீ பில்டு போட்டாலே என் வேலை காணாமப் போயிடுது!"

போகாமல் என்ன செய்யும்? அவன் திருத்தியது மனிதர் எழுதுகிற ஃபைலே இல்லை. ஓட்டல்களுக்கு நாங்கள் செய்து தரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரும் டெலிபோன் பெட்டியும் பேசிக்கொள்ளும் முறை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கிறது. முதலில் அறை எண், அடுத்தது மணி, அடுத்தது நிமிடம், இப்படி. நான் அதைத் தாய் ஃபைல் என்பேன். அதைப் படித்து, எந்த எண் எந்த வரிசையில் வரும் என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்கிற ஹெட்டர் ஃபைல்களை ஒரு புரோகிராம் தானே எழுதித் தரும். தாய் ஃபைல் மாறிய பிறகு பில்டு போட்டால், அதாவது எல்லாவற்றையும் சேர்த்து ஓடுகிற புரோகிராமாகக் கட்டினால், ஹெட்டரையும் முதலிலிருந்து திரும்ப எழுதும். ஒவ்வொரு ஹெட்டரின் தலையிலும் 'தானாக எழுதியது, கை வைக்காதீர்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தசரதன் அந்த வரிக்கு நேர் கீழே கை வைத்திருக்கிறான்!

கேட்டால், "எது தானா எழுதினது, எது நாம எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்? எல்லாம் ஒண்ணாத்தானே கெடக்கு" என்கிறான். அது மட்டும் நியாயம். ஆனால் கத்துகிறவனிடம் போய் நியாயம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

7-8-96, புதன்

எங்கள் மேலதிகாரி பார்த்தசாரதி சாரிடம் போனேன். தானாக எழுதும் ஹெட்டர்களை எல்லாம் ஒரே தனி டைரக்டரியில், கம்ப்யூட்டருக்குள் அவற்றுக்கென்றே ஒரு இடத்தில், வைப்போம், எழுதுகிற புரோகிராமை ஜெனரேட்டர் என்பதால் அதற்கு 'ஜென்' என்று பேர் வைப்போம், கையால் எழுதியது ஒன்றுகூட அதற்குள் போகக்கூடாது என்றேன். அப்படி வைத்தால் ஓட்டலுக்கு அனுப்பும் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாலும் அந்த டைரக்டரியை மொத்தமாகத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதவைக்கலாம். பழசு ஒட்டிக்கொண்டிருக்க வழியே இல்லை. இப்போது எதையும் துடைக்கப் பயம். எது எது என்று தெரியாமல் பொங்கல் சமயத்தில் ஒருவர் கையால் எழுதிய ஹெட்டரைத் துடைத்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி திட்டு வாங்கினார்.

சார் பேப்பரிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஓடற வண்டிம்மா. எதுக்குக் கை வைக்கணும்?" என்றார். நான் வெளியே வரும்போது எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம், "வீட்டுல அலமாரி அடுக்கற பழக்கம், ஆபீசுக்கும் வந்துடுது" என்று சிரித்தார்.

அலமாரியாம்! நான் என்ன அவர் வீட்டுப் பட்டுப்புடவையையா மடித்து வைக்கிறேன் என்றேன்? தசரதன் இதையே சொல்லியிருந்தால் 'நல்ல யோசனை' ஆகியிருக்கும். பட்டரவாக்கம் ஸ்டேஷன்வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

12-8-96

இன்றும் ஒரு ஹெட்டரில் கை. யார் என்று கேட்கவில்லை. கேட்டு என்ன?

15-8-96, வியாழன்

கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்த அப்பாவிடம் ஜென் கதையைச் சொன்னேன். "ஜென்செட் எழுதுமா?" என்று கேட்டார். ஆவடியில் கரண்ட் போகிற லட்சணத்துக்கு ஜெனரேட்டர் என்றால் டீசல் ஜெனரேட்டர்தான் யாருக்கும் ஞாபகம் வரும். ஆபீசில் கோதண்டமும் இதையேதான் கேட்டார். கம்ப்யூட்டர் மெஷின், ஜென்செட் இரண்டையும் பார்த்துக்கொள்வது அவர்தான், அவர் கேட்டதில் தப்பில்லை.

விளக்கியதும் அப்பா சொன்னது: "அவரு மேலதிகாரி. அனுசரிச்சுப் போ. செப்டம்பர்ல உனக்கு வேலை கன்பர்மேஷன் இருக்கு." சொல்லாததும் எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் அப்பா ஃபாக்டரியிலிருந்து ரிட்டயர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அப்புறம் வாடகையும் அரிசியும் என் சம்பளத்தில்தான்.

அதனால் அனுசரிக்கிறேன். வாயை மூடிக்கொண்டு.

23-8-96, வெள்ளி

வரலட்சுமி விரதம், நல்ல நாள், பத்தரைக்கு ராகு காலம் தொடங்குமுன் ரிலீஸ் முடிய வேண்டும் என்று சார் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் ஓட்டலிலிருந்து வேனும் வந்து கீழே நின்றது.

காலையில் தாய் ஃபைலில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். வரவேற்பு மேஜைப் பக்கத்தைப் பில்டு போட்டு முடித்தபோது பத்து இருபது. டெலிபோன் பெட்டிப் பக்கத்தைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விட்டது! கோதண்டம் ஜென்செட்டைப் போடக் கீழே ஓடினார். சார் முகம் சுண்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓட்டல் மேனேஜர் ஜம்புலிங்கம் ஃபோன். முன் அறையில் நின்று பேசினேன். ஓட்டலுக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்புகிறதாம். விடியற்காலையில் விருந்தாளியை எழுப்பும் அழைப்பில் கட்டட எண்ணுக்கும் ஒரு இடம் வேண்டுமாம். "இப்போதைக்கு எடம் மட்டும் விட்டு வைங்கம்மா, திரையை அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். உள்ளே வந்தால் மெஷின் எழுந்து தயாராக இருந்தது. தாய் ஃபைலில் அறை எண்ணுக்கு முன்னால் கட்டட எண்ணைச் சேர்த்தேன். இரண்டு பக்கமும் பில்டு போட்டேன். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக முடிந்தது.

"ஒரு தடவை எழுப்பும் அழைப்பைப் போட்டுப் பார்த்துடறேன் சார்" என்றேன். "இடம்தானேம்மா விட்டிருக்கோம்? வேன் நிக்குது" என்றார். ஃபிளாப்பி போய்விட்டது.

ராகு காலத்தின் நடுவிலேயே அனுப்பிவிட்டு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது ஏன் என்று புரியவில்லை. "எல்லாம் நேரத்தோட முடிஞ்சாச்சு" என்றார். நேரத்தோடா?

24-8-96

ஓட்டலில் ஏற்றிவிட்டார்களாம். ஒரு குறையும் இல்லையாம்.

26-8-96, திங்கள்

வந்ததும் வராததுமாக சார் கூப்பிட்டுவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் தங்கியிருந்தவர்கள் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் சனிக்கிழமை இரவு 'நாலு மணிக்கு எழுப்புங்கள்' என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். நாலு மணிக்கு ஒரு அறையிலும் ஃபோன் அடிக்கவில்லை. பதிலாக நடு இரவு பன்னிரண்டுக்கு நாலாம் நம்பர் அறையில் மட்டும் அடித்திருக்கிறது. வைத்தால் மறுபடி, வைத்தால் மறுபடி. அந்த அறையில் படுத்திருந்தவர் கல்யாணப் பெண்ணின் அப்பா, யாரோ விளையாடுகிறார்கள் என்று ரிசீவரை எடுத்துக் கீழே போட்டுவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் எழுந்தபோது வெயில் வந்துவிட்டது. முகூர்த்தம் போயே போய்விட்டது! அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபக்காரன், நாதஸ்வரக்காரன், சமையல்காரன் எல்லோரையும் கெஞ்சி நிறுத்தித் தாலி கட்டியிருக்கிறார்கள்.

சார் என்னை நிற்கவைத்தே பேசினார். கையில் தயாராக ஒரு மெமோ. 'பில்டு பொறுப்பாளரின் கவனக்குறைவு.' வெள்ளிக்கிழமைக்குள் தவறை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். கன்பர்மேஷன் "அப்புறம் பார்த்துக்கலாம்" ஆம்.

எக்ஸ்சேஞ்சைப் போட்டதும் ஓட்டல் திரையில் பில்டு போட்டவர் பெயரும் நேரமும் வரும். தானாக எழுதும் ஹெட்டர்தான் அதையும் கொண்டுபோகிறது. என் பேர்தான். ஒரு கல்யாண வீட்டின் சாபம் முழுக்க என் பேருக்கு.

சோதித்துப் பார்க்கிறேன் என்று கேட்டேனே! கேட்டேனா இல்லையா?

27-8-96, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

அனுப்பிய ரிலீஸின் நகலை எடுத்து ஹெட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டெலிபோன் பெட்டிப் பக்கத்தில் கட்டட எண், அறை, மணி, நிமிடம் என்று இருக்கிறது. வரவேற்புப் பக்கத்தில் பழையபடியே அறை, மணி, நிமிடம்! ஒருவர் மூன்று சொல்ல மற்றவர் நான்காகக் கேட்டிருக்கிறார். அறை எண் கட்டட எண் ஆகிவிட்டது. அப்படி ஒரு கட்டடம் இல்லாததால் பெட்டி பழைய கட்டடம் என்று எடுத்துக்கொண்டது. நாலு மணி, நாலாம் அறை ஆனது. பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் மணி ஆனது, நிமிடத்துக்கு மிச்சம் எதுவும் இல்லாமல் அதுவும் பூஜ்யம் ஆனது. நடு இரவு, நாலாம் அறை, மாப்பிள்ளை வீட்டார் சொன்ன அழைப்பு எத்தனையோ அத்தனை தடவை. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

தாய் ஃபைல் மாறிய பிறகும் ஒரு பக்கத்து ஹெட்டர் ஏன் மாறவில்லை? நேரத்தைப் பார்த்தேன். ஹெட்டரின் நேரம் பத்து இருபது. தாய் ஃபைலின் நேரம் ஒன்பது நாற்பத்தைந்து. பில்டு நேரத்தைத்தான் பார்க்கும். தாயைவிட ஹெட்டர் புதுசு என்று நினைத்து அதைத் தொடாமல் விட்டிருக்கிறது. டெலிபோன் பக்கத்து ஹெட்டர் முந்தின நாளையது, அதனால் அதை மட்டும் திரும்ப எழுதியிருக்கிறது.

ஆனால் ஜம்புலிங்கம் எனக்கு ஃபோன் செய்ததே பத்தே முக்காலுக்கு! அவர் சொல்லி நான் செய்த மாற்றத்துக்கு எப்படி ஒன்பது நாற்பத்தைந்து?

கோதண்டத்தைத் தேடிப் போனேன். ஜென்செட்டுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டதும் மறைக்கவே இல்லை.

"மெஷினு ஏந்திரிக்கும்போது டைமு இன்னான்னு கேக்கும்ல மேடம்? சாரு பின்னாடியே நின்னுகினு இருந்தாரு. ஒம்போது நாப்பது போடுன்னாரு. போட்டேன். ராகு காலம் ஸ்டார்ட் ஆயிருச்சாம். கொளந்த பொறந்த டைமுதான் கணக்காம், ஊட்டுக்குத் தூக்கினு போற டைமு கணக்குல வராதாம். அப்பாலிக்கா சரியான டைமுக்கு மாத்திட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆவலன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"இதை சார் முன்னாடி சொல்வீங்களா?"

"புள்ளக்குட்டிக்காரன் மேடம் நானு." டீசல் கேனை மூடிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

எனக்கு மட்டும் குடும்பம் ஆகாயத்திலா இருக்கிறது?

28-8-96, புதன்

இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அப்பா எதிர்பார்த்தபடியே, "ஒரு கையெழுத்துதானே, போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாரு" என்றார்.

அம்மா ராகு காலத்தில் வாசற்படி தாண்டாதவள். அவளுக்கு வந்ததே கோபம்! "கடியாரத்தத் திருப்பினா ராகு காலம் போயிடுமா? சூரியன் அந்தாளு வீட்டு வேலக்காரனா? நம்புறவன் உக்காந்து காத்திருக்கணும், இல்லாட்டி நம்பாம வேலையப் பாக்கணும். இது ரெண்டுங்கெட்டான் பொழப்பு."

ஆமாம், அதுதான் எனக்கும் ஆறவில்லை. ராகு காலம் பார்க்கட்டும், அது அவர் நம்பிக்கை. அதற்காக ஒரு மணி நேரம் காத்திருக்கவும் மனசில்லை, வேனை நிறுத்தவும் மனசில்லை. ராகுவை ஏமாற்றப் பொய் நேரம் போட்டு, பொய்க்குப் பக்கத்தில் என் பேரையும் ஏற்றி, கடைசியில் கவனக்குறைவு எனக்கா?

கையெழுத்துப் போட மாட்டேன்.

30-8-96, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். சார் படித்தார், காது சிவந்தது. "ராகு காலம்னெல்லாம் எழுதியிருக்கியேம்மா. கஸ்டமர் பார்த்தா ஆபீஸ் மானம் என்ன ஆகும்? அந்த வரியை எடுத்துட்டு எழுதிக் குடு."

"அந்த வரிதான் சார் காரணம்" என்றேன். சொல்லிவிட்டேன்.

திங்கள் முதல் பில்டு தசரதன் பொறுப்பு. நான் ஓட்டலுக்கான கையேடு எழுத வேண்டும். முதல் பாடம் என்ன தெரியுமா? 'விருந்தாளியை எழுப்பும் அழைப்பு'! வேண்டுமென்றே கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? எதுவானாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா கேட்கவுமில்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

4-9-96, புதன்

திருத்திய ரிலீஸைத் தசரதன் இரண்டு நாளாகக் கட்டுகிறான். பழைய ஹெட்டர் ஒட்டியிருக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, கண்ணில் பட்டதை எல்லாம் துடைத்திருக்கிறான், கையால் எழுதியதையும் சேர்த்து. டெலிபோன் பக்கம் முழுதும் படுத்துவிட்டது. கோதண்டம் பழைய நகல் இருந்த டேப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மதியம் தசரதன் டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்த ஜென் யோசனையை அன்னிக்கே நான் ஆதரிச்சிருக்கணும்" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. எவை தானாக எழுதியவை என்று மட்டும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

6-9-96

மெமோவுக்குப் பதில் கேட்டு சார் மறுபடி ஆள் விட்டார். அதே பதில்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

10-9-96, செவ்வாய்

இன்று நடந்தது எனக்கு நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கோதண்டம் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

சாரும் அவரும் புது ஃபிளாப்பியோடு காஞ்சிபுரம் போயிருக்கிறார்கள். ஜம்புலிங்கம் காபி கொடுத்து உட்காரவைத்து, பழைய ரிலீஸை ஓடவிட்டுத் திரையைக் காட்டினாராம். என் பேர், பக்கத்தில் ஒன்பது ஐம்பது.

"இன்னா கேட்டாரு தெரியுமா மேடம்? 'ஏன் சார், நான் உங்களுக்கு ஃபோன் போட்டதே ராகு காலத்துலதான். இந்நேரத்துல போயி ஒண்ணு கேக்கறமேன்னு நெனச்சுக்கிட்டே போட்டேன். நான் பத்தே முக்காலுக்குக் கேட்டத நீங்க ஒம்போது அம்பதுக்கே எப்படி முடிச்சீங்க?' அப்டின்றாரு!"

"சார் என்ன சொன்னார்?"

"மெஷினு கடியாரம் ஸ்லோன்னாரு. எனக்கு சுர்ருனு ஆயிருச்சு மேடம். கடியாரத்தப் பாக்குறது நானு. நாளைக்கு என் தலையில வுடுவாரு. 'கடியாரம் நல்லாத்தான் சார் கீது, ராகு காலம்னு சாரு சொன்னாரு, நாந்தான் திருப்பி வெச்சேன்'னுட்டேன்."

என்னைக் காப்பாற்ற அல்ல, தன் கடிகாரத்தின் மானத்தைக் காப்பாற்ற. போகட்டும், வாய் திறந்தாரே!

ஜம்புலிங்கம் புது ஃபிளாப்பியை ஓரமாகத் தள்ளிவைத்தாராம். அப்புறம், "உங்க நல்ல நேரத்துக்காக ஒரு கல்யாணத்தோட நல்ல நேரத்தையே சாப்பிட்டுட்டீங்களே சார்" என்றாராம். சார் காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டாராம்.

வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்ப.

11-9-96, புதன்

சார் கூப்பிட்டார். "அந்த டைரக்டரி விஷயம்... செஞ்சிடலாம்மா. நீயே பண்ணிடு" என்றார், மேஜைமேல் இருந்த பேனாவிடம் பேசுகிற மாதிரி.

"மெமோ சார்?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்."

"மெமோவைத் திரும்ப எடுத்துக்கிட்டாத்தான் சார் பில்டைத் தொடுவேன்."

என் வாயா சொன்னது? சார் டிராயரைத் திறந்து என் மெமோவை எடுத்தார், நான்காகக் கிழித்தார், குப்பைக் கூடையில் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வராது போலிருக்கிறது. எதிர்பார்த்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

17-9-96, செவ்வாய்

பிள்ளையார் சதுர்த்தி லீவுக்குள் முடித்துவிட நினைத்தேன், இன்றுதான் முடிந்தது. தானாக எழுதியது எல்லாம் ஜென்னுக்குள். கையால் எழுதியது எல்லாம் வெளியே. தசரதன் கடைசி இரண்டு நாள் என்கூடவே உட்கார்ந்தான். தன் பழைய திருத்தங்களை அவனே தாய் ஃபைலில் சேர்த்தான்.

19-9-96, வியாழன்

கன்பர்மேஷன் கடிதம் நேற்று வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் யார் யார் வீட்டுக்கோ போய்வந்தார்.

இன்று புதுக் கட்டடத்துக்கான ரிலீஸ். சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஒன்றரை. வியாழக்கிழமை, ராகு காலம் தொடங்கிவிட்டது. காஞ்சிபுரம் வேன் கீழே நின்றது. எல்லோரும் சாரைப் பார்த்தோம். சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், டைமு எதுனா மாத்தணுமா?" என்றார் கோதண்டம். யாரும் சிரிக்கவில்லை. கோதண்டமே சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேன் டிரைவருக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பேப்பரைக்கூட எடுக்கவில்லை. நானும் கீபோர்டைத் தொடவில்லை. உள்ளுக்குள் கோபம் இன்னும் இருந்தது, ஆனால் மனிதர் காத்திருந்தார்.

மூன்று அடித்தது. "தாட்சாயிணி, ஆரம்பிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

ஜென்னை மொத்தமாகத் துடைத்தேன். ஹெட்டர்கள் எல்லாம் புதிதாக எழுந்து வந்தன. எழுப்பும் அழைப்பை என் மேஜை ஃபோனுக்கே போட்டுப் பார்த்தேன், சொன்ன நிமிடத்தில் அடித்தது. சாரே வந்து எடுத்து "ஹலோ" என்றார், எதிரே யாரும் இல்லை என்று தெரிந்தும்.

திரையில் என் பேர், பக்கத்தில் மூன்று இருபது. திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலும் மூன்று இருபது.